மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை: கிரேக்கக் கதையை நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்

நம் கல்லூரியில் எந்த விழா நடந்தாலும் முதலில் எல்லோரும் எழுந்து நிற்போம். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்த பிறகுதான் வரவேற்புரை, பொன்னாடை, மற்றதெல்லாம். இந்தச் சந்திப்பு விழாவிலும் அப்படித்தான். அந்தப் பாட்டை எழுதியவர் யார் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் பட்டென்று பதில் சொல்லிவிடுவோம். சொல்லாமல் எப்படி? 1990இல் திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு படித்தவர்களுக்கு அந்தப் பெயர் பட்டச் சான்றிதழின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கிறது. அதற்கு முன்பு மதுரைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய அண்ணாச்சிமாருக்கும் பெயர் தெரியும்.

அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் கொஞ்சம் தலையைச் சொறிவோம். மனோன்மணீயத்தின் கதை என்ன? அதில் வருகிற போர் எதற்காக நடக்கிறது?

நம்ம நாஞ்சில் நாட்டுக்காக என்றால் நம்புவீர்களா? அந்தக் கதையின் வேர் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு பழைய புத்தகத்தில் இருக்கிறது என்றால்?

நான் தமிழ் இலக்கியம் முறையாகப் படித்தவன் இல்லை. இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, பிறகு பொறியியல் படித்து, இப்போது பாலம், வாய்க்கால் என்று சிமெண்டோடும் கம்பியோடும் காலம் தள்ளுகிறவன். ஆனாலும் 42 வயதே வாழ்ந்த ஒரு பேராசிரியர் இவ்வளவு வேலைகளை எப்படிச் செய்தார் என்ற வியப்பு எனக்கு உண்டு. அந்த வியப்பை நண்பர்களோடும், இப்போது படிக்கிற தம்பி தங்கையரோடும் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஆலப்புழையில் பிறந்தவர்

சுந்தரம் பிள்ளை 1855 ஏப்ரலில் ஆலப்புழையில் பிறந்தார். தந்தை பெருமாள் பிள்ளை, தாய் மாடத்தி அம்மாள். முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்காகத் திருவிதாங்கூருக்கு வந்தவர்கள். வெளியே மலையாளம், வீட்டுக்குள் தமிழ் என்ற வளர்ப்பு. நம் மாவட்டத்தில் இன்றும் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நண்பர்களுக்கு இந்த இரட்டை வாழ்க்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை!

சின்ன வயதில் தேவாரம், திருவாசகம் எல்லாம் வீட்டிலேயே காதில் விழுந்தன. நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றார். பிற்காலத்தில் மறைமலையடிகளாக அறியப்பட்ட வேதாசலத்துக்கும் இதே நாராயணசாமிப் பிள்ளைதான் ஆசிரியர். ஒரே வாத்தியார், இரண்டு பெரிய மாணவர்கள். ஆசிரியர் தொழிலுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

மேல்படிப்பு திருவனந்தபுரத்தில். மகாராஜா கல்லூரியில் 1876இல் பி.ஏ. தேறினார். மறு வருடம் சிவகாமி அம்மாளை மணந்தார். அதே காலத்தில் திருநெல்வேலி ஆங்கிலத் தமிழ்ப் பள்ளியின் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு 22 வயது. இந்தக் காலத்தில் அந்த வயதில் நாம் வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டு இருப்போம். அவரோ அந்தப் பள்ளியைக் கல்லூரி நிலைக்கு உயர்த்தினார். இன்றைய திருநெல்வேலி ம.தி.தா. இந்துக் கல்லூரியின் தொடக்க வரலாற்றில் அவர் பெயர் இருப்பது இதனால்தான்.

அந்த வருடங்கள் சாதாரண வருடங்கள் இல்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் உலுக்கி எடுத்தது. அப்போது இந்தியாவின் வைசிராயாக இருந்தவர் லிட்டன் பிரபு. இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இவருடைய தகப்பனார் இந்தக் கதைக்குள் வரப்போகிறார்.

திருநெல்வேலியில் இருந்தபோது கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் தொடர்பு கிடைத்தது. அவரையே தம் ஞான குருவாகச் சுந்தரம் பிள்ளை ஏற்றுக்கொண்டார். பகலில் ஐரோப்பியத் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவர், மாலையில் ஒரு சைவத் துறவியின் முன் மாணவராக உட்கார்ந்தார். இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. பிறகு எழுதிய நாடகத்தில் வருகிற குலகுருவுக்குச் சுந்தர முனிவர் என்றே பெயர் வைத்தார்.

திருவனந்தபுரத்தில்

சில வருடங்களில் திருவனந்தபுரத்துக்கே திரும்பினார். மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் ராபர்ட் ஹார்விதான் இவரை உருவாக்கியவர் என்று சொல்லலாம். அவருக்குத் துணையாக வகுப்பெடுத்துக்கொண்டே 1880இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். நடுவில் சில காலம் திருவிதாங்கூர் அரசின் வருவாய்த் துறையில் அதிகாரியாகவும் பணியாற்றினார். நல்ல பதவி, நல்ல சம்பளம். ஆனால் 1885இல் ஹார்வி ஓய்வு பெற்ற இடம் காலியானதும் கல்லூரிக்கே வந்துவிட்டார். கடைசி வரை அங்கேதான் இருந்தார்.

பேரூர்க்கடையில் அவர் கட்டிக்கொண்ட வீட்டுக்கும் தோட்டத்துக்கும் என்ன பெயர் வைத்தார் தெரியுமா? ஹார்விபுரம்! தம் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ வைக்காமல் ஆசிரியரின் பெயரை வைத்தார். நாம் வீடு கட்டிப் பெயர்ப்பலகை மாட்டும்போது இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

1892 டிசம்பரில் சுவாமி விவேகானந்தர் திருவனந்தபுரம் வந்தபோது சந்தித்த அறிஞர்களில் சுந்தரம் பிள்ளையும் ஒருவர். சுவாமிகள் அங்கிருந்துதான் நம்ம கன்னியாகுமரிக்கு வந்தார். பிறகு நடந்தது உலகமறிந்த கதை.

ஒரு கதையின் நீண்ட பயணம்

இனி மனோன்மணீயத்துக்கு வருவோம்.

அலெக்சாந்தர் ஆசியாவுக்குப் படையெடுத்து வந்தபோது அவருடைய அரசவையில் காரெஸ் என்ற கிரேக்கர் ஒருவர் இருந்தார். மன்னரைக் காண வருகிறவர்களை உள்ளே அழைத்துப்போகிற உத்தியோகம். ஆசிய நாடுகளில் கேட்ட ஒரு கதையை அவர் எழுதிவைத்தார். காரெஸ் எழுதிய நூல் பிற்காலத்தில் தொலைந்துபோனது. ஆனால் கி.பி. 200ஐ ஒட்டி அத்தேனயோஸ் என்ற எகிப்து நாட்டுக் கிரேக்கர், அறிஞர்கள் விருந்தில் அமர்ந்து பேசுவதுபோல 15 பகுதிகள் கொண்ட பெரிய நூல் ஒன்றை எழுதினார். அதன் 13ஆம் பகுதியில் காரெஸ் சொன்ன கதையை எடுத்துப் போட்டார். அதனால் கதை பிழைத்தது.

கதை இதுதான். சரியாத்ரஸ் என்ற இளவரசன், காஸ்பியன் கடல் பக்கத்திலிருந்து தானாயிஸ் ஆறு வரை ஆண்டவன். ஆற்றுக்கு அக்கரையில் ஒமார்த்தஸ் என்ற அரசன். அவன் மகள் ஒதாத்திஸ். இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. கனவில் மட்டும் கண்டு காதல் கொள்கிறார்கள். இளவரசன் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறான். ஆண் வாரிசு இல்லாத ஒமார்த்தஸ், மகளை வெளியூரில் கொடுக்க மனமில்லாமல் மறுத்துவிடுகிறான். பிறகு சொந்த பந்தங்களைக் கூட்டி விருந்து வைத்து, பொற்கிண்ணத்தில் மதுவை ஊற்றி விருப்பமானவனுக்குக் கொடு, அவனே உன் மாப்பிள்ளை என்று மகளிடம் சொல்கிறான். அவள் கண்ணீரோடு நேரம் கடத்துகிறாள். தகவல் போய் இளவரசன் இரவோடு இரவாகத் தேரில் 800 ஸ்தாதியா தூரம் ஓடி வருகிறான். நம் கணக்கில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து கோவில்பட்டிக்கும் சற்று அப்பால் என்று வைத்துக்கொள்ளலாம். மாறுவேடத்தில் விருந்துக்குள் நுழைந்து அவள் பக்கத்தில் போய் நிற்கிறான். கனவில் கண்டவன் இவனே என்று தெரிந்ததும் அவள் கிண்ணத்தை அவனிடம் கொடுக்க, அவன் அவளைத் தூக்கித் தேரில் வைத்துக்கொண்டு போய்விடுகிறான்.

ஆசியாவில் இந்தக் கதை கோயில் சுவர்களிலும் அரண்மனைகளிலும் ஓவியமாகத் தீட்டப்பட்டதாகவும், பெரிய வீட்டுக்காரர்கள் பெண் குழந்தைகளுக்கு ஒதாத்திஸ் என்று பெயர் வைத்ததாகவும் அந்தக் கிரேக்கரே குறித்திருக்கிறார். பாரசீகக் கவி பிர்தௌசியின் ஷாநாமாவில் வருகிற குஷ்தாஸ்ப், கதாயூன் கதை இதன் சாயலில் இருப்பதையும் அறிஞர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அத்தேனயோஸின் அந்தப் பெரிய நூலை சார்லஸ் டியூக் யாங் என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் லண்டனில் வெளியிட்டார். சுந்தரம் பிள்ளை பிறப்பதற்குச் சரியாக முந்தைய வருடம். 1866இல் எட்வர்டு புல்வர் லிட்டன் என்ற ஆங்கில எழுத்தாளர், பழைய கிரேக்கக் கதைகளின் துண்டு துணுக்குகளை வைத்து மிலேத்தஸ் நகரின் தொலைந்த கதைகள் என்ற கவிதை நூலை எழுதினார். அதில் இந்தக் கனவுக் காதலை விரித்து, ஒரு ரகசியப் பாதையையும் சேர்த்து, ரகசிய வழி என்று தலைப்பிட்டார். நான் ஞாபகம் வைக்கச் சொன்ன வைசிராய் லிட்டனின் தகப்பனார் இவர்தான்.

மகன் இந்தியாவை ஆண்டுவிட்டு 1880இல் போய்விட்டார். தகப்பனாரின் கவிதை திருவனந்தபுரத்தில் ஒரு தமிழ்ப் பேராசிரியரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஆண்டவரை யாரும் விரும்பி நினைப்பதில்லை. கதை மட்டும் நிலைத்தது.

நாஞ்சில் நாடு உள்ளே வந்த விதம்

மனோன்மணீயம் 1891இல் அச்சாகி வெளிவந்தது. ஐந்து அங்கங்கள், 20 களங்கள். ஆங்கில நாடகங்களைப் போல அமைத்து, பெரும்பாலும் ஆசிரியப்பாவில் எழுதப்பட்ட நீண்ட கவிதை நாடகம். லிட்டனின் கதையைத் தழுவியது என்பதை முன்னுரையிலேயே ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். ஆனால் உள்ளே நுழைந்து பார்த்தால் மண் முழுக்க நம்ம மண்.

மதுரையை ஆளும் பாண்டியன் சீவகன் நல்லவன், ஆனால் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவன். மந்திரி குடிலன் பேச்சைக் கேட்டுத் தலைநகரையே திருநெல்வேலிக்கு மாற்றி அங்கே புதுக்கோட்டை கட்டுகிறான். குடிலனின் கண் அரியணை மேல். அவன் நோக்கத்தைப் புரிந்துகொண்ட சுந்தர முனிவர், கோட்டைக்குள் தமக்கென ஓர் அறையை வாங்கி, அங்கிருந்து வெளியே யாருக்கும் தெரியாமல் ஒரு சுரங்க வழி தோண்டுகிறார். லிட்டனின் ரகசிய வழி இங்கே முனிவரின் சுருங்கையாகிறது.

அரசன் மகள் மனோன்மணி, சேர நாட்டரசன் புருடோத்தமனைக் கனவில் காண்கிறாள். அவனும் இவளைக் கனவில் காண்கிறான். நடராசன் என்ற இளைஞனைத் தூதனுப்பித் திருமணம் பேசலாம் என்கிறார் முனிவர். குடிலன் விடுவானா? தன் மகன் பலதேவனைத் தூதனாக அனுப்ப ஏற்பாடு செய்கிறான். நாஞ்சில் நாடு பாண்டியனுக்கு உரியது, சேரனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது, முதலில் அதைத் திருப்பிக் கேட்போம், கல்யாணம் தானாக நடக்கும் என்று அரசனை நம்பவைக்கிறான். பலதேவன் சேரன் சபையில் போய், பெண் பேசுவதை விட்டுவிட்டு எடுத்த எடுப்பில் நாஞ்சில் நாட்டைப் பற்றி வம்பு பேசுகிறான். அங்கே உழுகிறவர்கள் தமிழர்கள், ஆகவே அது எங்களுடையது என்பது வாதம். புருடோத்தமனுக்குக் கோபம் வருகிறது. போர் மூள்கிறது.

போரில் பாண்டியன் தோற்கிறான். சுரங்க வழி குடிலனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவன் அதன் வழியாகவே சேரனிடம் போய் அரசனைக் காட்டிக்கொடுக்கப் பேரம் பேசுகிறான். துரோகியின் மேல் வெறுப்புக் கொண்ட புருடோத்தமன் அவனுக்கு விலங்கு பூட்டி, வழிகாட்டச் சொல்லி அரண்மனைக்குள் வருகிறான். அங்கே நள்ளிரவில் மனோன்மணியைப் பலதேவனுக்கு மணமுடிக்க ஏற்பாடு நடக்கிறது. மாலையோடு நிற்கிற மனோன்மணி, கனவில் கண்டவனை நேரில் காண்கிறாள். மாலை அவன் கழுத்தில் விழுகிறது.

கிரேக்கக் கதையின் பொற்கிண்ணம் எங்கே போயிற்று? மணமாலையாக மாறிவிட்டது. கனவு அப்படியே இருக்கிறது. தகப்பன் சொல்லுக்கும் தன் மனசுக்கும் நடுவே தவிக்கிற பெண்ணும் அப்படியே இருக்கிறாள். ஆனால் ஆற்றுக்கு அக்கரை, இக்கரை என்று கிரேக்கர் சொன்ன எல்லை, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், இப்பால் என்று ஆகிவிட்டது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பேர் வாங்கிய பூமி இது. பாண்டியரும் சோழரும் வேணாட்டாரும் மாறி மாறி ஆண்ட இடம். இரண்டு அரசர்கள் சண்டை போட இதைவிடப் பொருத்தமான காரணத்தை எங்கே போய்த் தேடுவது?

இரவலா, சொந்தமா?

கதை இரவல்தானே, இதில் என்ன பெருமை என்று சிலர் கேட்பதுண்டு. எங்கள் தொழிலில் பாலத்துக்கு வரைபடம் எங்கிருந்தும் வரலாம். அடிவாரத்து மண்ணைத் தோண்டிப் பார்த்து, அந்த ஊர்த் தண்ணீரின் வேகத்தை அளந்து, அதற்கேற்ற அஸ்திவாரம் போடுகிறவன் இல்லையென்றால் பாலம் நிற்காது. சுந்தரம் பிள்ளை போட்ட அஸ்திவாரம் அப்படிப்பட்டது.

ஓர் உதாரணம். நடராசன் தனியாக வயற்புறத்தில் நின்று வாய்க்காலையும், புல்லையும், நாங்கூழ்ப் புழுவையும் பார்த்து வியக்கிற ஒரு பகுதி நாடகத்தில் உண்டு. வாய்க்கால் மண்ணைச் சுமந்து கொண்டுபோவதையும், யாரும் மதிக்காத மண்புழு நிலத்தைப் பக்குவப்படுத்துவதையும் அவர் பாட்டாக்கியிருக்கிறார். மண்புழுக்களைப் பற்றி டார்வின் எழுதிய புத்தகம் வந்தது 1881இல். பத்து வருடத்துக்குள் அதே விஷயம் தமிழ்க் கவிதைக்குள் வந்துவிட்டது! இது லிட்டனிடமும் கிடையாது, கிரேக்கரிடமும் கிடையாது. வாய்க்கால் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு மனோன்மணீயத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

நாடகத்துக்குள் வருகிற சிவகாமி சரிதமும் ஆங்கிலக் கவி கோல்ட்ஸ்மித்தின் துறவி என்ற கதைப்பாட்டைத் தழுவியதுதான். அதையும் சைவ மணம் கமழும் தமிழ்க் கதையாகவே ஆக்கிவிட்டார். மொத்த நாடகத்தையும் தத்துவமாகப் படிக்கிறவர்களும் உண்டு. சீவகன் என்றால் சீவன், அதாவது உயிர். குடிலம் என்றால் வளைவு, கோணல். உயிரைக் கோணல் புத்தி ஆட்டிவைக்க, குரு ரகசிய வழியில் வந்து காப்பாற்றுகிறார் என்பது அந்தப் பொருள்.

நாடகம் மேடையை விடப் படிப்பறைக்கே ஏற்றது என்பார்கள். ஆனால் 1942இல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் இதை மனோன்மணி என்ற பெயரில் சினிமாவாக எடுத்தார். பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தார்கள். கிரேக்கக் கதை டூரிங் டாக்கீஸ் வரைக்கும் வந்துவிட்டது!

கல்லைப் படித்தவர்

நாடகம் ஒரு பக்கம். சுந்தரம் பிள்ளையின் இன்னொரு முகம் நம் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்தார். அன்றைய தெற்குத் திருவிதாங்கூர், அதாவது இன்றைய குமரி மாவட்டம், அவருக்குப் பெரிய சுரங்கமாக இருந்தது. 1894இல் வெளிவந்த திருவிதாங்கூரின் பண்டைய அரசர்கள் பற்றிய ஆங்கில நூல் இந்த அலைச்சலின் பலன். அதுவரை புராணமும் செவிவழிச் செய்தியுமாக இருந்த வேணாட்டு அரச வரிசையைக் கல்வெட்டை வைத்து ஆண்டு ஆண்டாக அடுக்கிக் காட்டினார்.

கல்குளம் தாலுகாவில் உள்ள மணலிக்கரைக் கல்வெட்டை உலகறியச் செய்தவர் அவரே. கொல்லம் ஆண்டு 410, அதாவது கி.பி. 1235 வாக்கில், வீர ரவி கேரளவர்மன் காலத்தது. விளைச்சல் பொய்த்த காலத்தில் வரி எப்படி வாங்க வேண்டும் என்பதை அரசு அதிகாரிகளும் ஊரார்களும் கூடி வரையறுத்த சாசனம். குடிமக்களின் உரிமைக்கு இது ஒரு பெரிய ஆவணம் என்பதைச் சுந்தரம் பிள்ளை எடுத்துக் காட்டினார். மணலிக்கரை வழியாகப் பஸ்ஸில் போகிற நாம் எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருப்போம்?

தமிழ் இலக்கிய வரலாற்றுக்கும் அவர் ஒரு மைல்கல் நட்டுவைத்தார். திருஞானசம்பந்தர் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று கால்டுவெல் போன்ற பெரியவர்கள் கருதியிருந்தார்கள். கல்வெட்டையும் பழைய நூற்குறிப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராக இருக்க முடியாது என்று சுந்தரம் பிள்ளை நிறுவினார். 1895இல் அது நூலாக வந்தது. ஒரே அடியில் 600 வருடம் பின்னால் போனது! சுந்தரம் பிள்ளை கால்டுவெல்லைத் திட்டவில்லை. ஆதாரத்தை அடுக்கிவிட்டுப் போய்விட்டார். வாக்குவாதம் என்றால் குரலை உயர்த்துவது என்று நினைக்கிற நமக்கு இது நல்ல பாடம்.

அறிவியல் துறைகளை வகைப்படுத்திக் காட்டும் நூற்றொகை விளக்கத்தை 1888இல் தமிழில் எழுதினார். பத்துப்பாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். திருவிதாங்கூரில் தொல்லியல் துறை 1896இல் உருவானதற்கு அவருடைய முயற்சி முக்கிய காரணம். அதே வருடம் அரசு அவருக்கு ராவ் பகதூர் பட்டம் கொடுத்தது.

நீரிழிவு கொண்டுபோனது

பட்டம் வந்த மறு வருடமே எல்லாம் முடிந்துவிட்டது. நீரிழிவு நோயால் அவதிப்பட்டுவந்த சுந்தரம் பிள்ளை 1897 ஏப்ரல் 26 அன்று காலமானார். 42 வயது. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921இல்தான். நம் வீடுகளில் இன்று மாத்திரையும் ஊசியுமாகச் சமாளிக்கிற அந்த நோய்க்கு அன்று மருந்து கிடையாது. இன்னும் 20 வருடம் இருந்திருந்தால் நாஞ்சில் நாட்டு வரலாறு எவ்வளவு முன்னதாகவே துலங்கியிருக்கும்!

விட்டுச்சென்ற வேலையை வேறு கைகள் எடுத்துக்கொண்டன. நம்ம தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை திருவனந்தபுரத்தில் ஆசிரியராக இருந்தபடியே கல்வெட்டு ஆராய்ச்சியில் இறங்கினார். காந்தளூர்ச் சாலை பற்றி எழுதினார். அவரும் ஆங்கிலம் வழியாகவே எட்வின் ஆர்னால்டின் நூலை ஆசிய ஜோதியாகவும், பாரசீக உமர் கய்யாமின் பாடல்களைத் தமிழாகவும் தந்தார். கடல் தாண்டி வருவதை நம் மண்ணில் நட்டு வளர்க்கிற பழக்கம் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை.

நாடகம் சொல்லாத கடைசிக் களம்

சுந்தரம் பிள்ளை இறக்கும்போது மகன் நடராஜ பிள்ளைக்கு ஆறு வயது. மனோன்மணீயம் வெளிவந்த 1891இல்தான் அவரும் பிறந்தார். வளர்ந்து அரசியல் போராட்டத்தில் இறங்கினார். அதன் விளைவாகத் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் ஹார்விபுரம் சொத்து பறிமுதலானது. 1954இல் பட்டம் தாணு பிள்ளையின் திருவிதாங்கூர்-கொச்சி அமைச்சரவையில் நடராஜ பிள்ளை நிதியமைச்சர் ஆனார்.

அதே 1954இல்தான் தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று இங்கே போராட்டம் உச்சத்துக்குப் போனது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய அந்தப் போராட்டத்தில், ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. அந்த நினைவு இன்றும் பல வீடுகளில் ஆறாமல் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது.

யோசித்துப் பாருங்கள். நாஞ்சில் நாடு யாருடையது என்று தகப்பனார் 1891இல் கற்பனையில் ஒரு போர் எழுதினார். அந்தக் கேள்வி நிஜமாகவே தெருவுக்கு வந்தபோது மகன் திருவனந்தபுரத்து அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தார். உழுகிறவர் தமிழர் என்ற வாதத்தை நாடகத்தில் சொன்னவன் ஒரு சூழ்ச்சிக்காரனின் மகன். 1954இல் அதைச் சொன்னவர்கள் அந்த மண்ணில் உழுதவர்களே. அதனால்தான் ஜெயித்தது. ஆனால் நாடகத்தில் சேரனும் பாண்டியனும் முடிவில் சம்பந்தி முறை ஆகிவிடுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பெண் எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். எல்லை மாறியது, உறவு மாறவில்லை.

மனோன்மணீயத்தின் தொடக்கத்தில் வரும் தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1970இல் அரசு விழாக்களுக்குரிய வாழ்த்துப் பாடலாக ஏற்றது. எம். எஸ். விஸ்வநாதன் மோகன ராகத்தில் இசையமைத்தார். 2021 டிசம்பர் 17 அன்று அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. பாடுவதற்கு 55 விநாடி. திருவிதாங்கூரில் பிறந்து, திருவிதாங்கூர் அரசுக்கு உழைத்து, அங்கேயே கண்மூடிய ஒருவரின் பாட்டு இன்று தமிழ்நாட்டின் பாட்டு.

இப்போது படிக்கிற தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. தமிழ்த் துறையில் படிப்பவர்கள் மட்டும் மனோன்மணீயம் படிக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. நூலகத்தில் எடுத்து முதலில் அந்த வாய்க்கால் பகுதியைப் படியுங்க மக்கா. பிடித்திருந்தால் தொடக்கத்துக்குப் போங்கள். மொழி கொஞ்சம் கடினம்தான், இரண்டு களம் தாண்டினால் பழகிவிடும். ஒரு விடுமுறை நாளில் நாலு பேர் சேர்ந்து மணலிக்கரைக்கும் போய் வாருங்கள். பழைய மாணவர்கள் நாங்களும் வருகிறோம். பஸ் கட்டணமும் சாயாவும் எங்கள் பொறுப்பு.